தோதகத்தி



எலவனாசூர்கோட்டையிலிருந்து மேற்கே செல்வோர், கள்ளக்குறிச்சியை அணுகுங்கால் கல்வராயன் மலைத்தொடரைக் காண்பர். அம்மலையடியில் மரச்சிற்பம் செதுக்குவோர் வாழ்கின்றனர். அவர்தம் கலைக்கு 2021-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கே ஒரு பட்டறையில் தேக்கும் வாகையும் கிடக்கக் கண்டு, "தோதகத்தியில் செய்வதில்லையா?" என்று வினவினேன். முதிய சிற்பி நகைத்து, "அதை இழைக்கும்போது வரும் வாசனைதான் ஐயா நினைவில் இருக்கிறது" என்றார்.

ஈட்டி என்றும் வழங்கும் இம்மரத்தை வெள்ளையர் மணத்தால் 'ரோஸ்வுட்' என்றும், நிறத்தால் 'பிளாக்வுட்' என்றும் அழைத்தனர். ரோஜாவுக்கும் இதற்கும் உறவேதுமில்லை. இது அவரைக் குடும்பத்தைச் சார்ந்தது. வெளிறு வெண்மஞ்சள், அதனைப் பூச்சி எளிதில் அரிக்கும். உள்ளேயுள்ள வைரமோ ஊதா கலந்த கருமை. கறையானுக்கும் எளிதில் இடங்கொடாது. அமெரிக்கர் துப்பாக்கிக் கட்டைக்கும் மேசைக்கும் போற்றும் கருப்பு வால்நட் கன மீட்டருக்கு ஏறத்தாழ 610 கிலோ எடையுள்ளது. நம் தேக்கு 650. தோதகத்தியோ 800-ஐத் தாண்டும். இழைகள் பின்னிக் கிடத்தலால் உளி விரைவில் மழுங்கும். பொறுமையில்லாத கைக்கு இது உகந்த மரமன்று. ஆயினும் இழைத்து மெருகேற்றிவிட்டால், கரும்பட்டு விரித்தாற்போல் அதன் வரிகள் மிளிரும்.

இச்சிறப்பை உலகம் நெடுங்காலமாகவே அறியும். ஹரப்பாவில் 1946-ஆம் ஆண்டு அகழாய்வில் கிடைத்த சவப்பெட்டியின் மரம் தோதகத்தி இனத்தது என்றும், மூடி தேவதாரு என்றும் ஆய்ந்துரைத்தனர். கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலான பெரிப்ளூஸ், இன்றைய பரூச் துறையிலிருந்து பாரசீக வளைகுடாவுக்குத் தேக்கோடு இவ்வினத்ததெனக் கருதப்படும் கட்டைகளும் சென்றதைக் குறிக்கின்றது. 19-ஆம் நூற்றாண்டில் பம்பாய்த் தச்சர் இதில் செய்த செதுக்கு நாற்காலிகள் ஐரோப்பிய மாளிகைகளை எட்டின. மைசூரில் இதன்மீது தந்தம் பதித்தனர். வண்டிச் சக்கரத்துக்கும் இதுவே உழைத்தது.

பின்னர் நேர்ந்ததுதான் நாம் கருதத்தக்கது. பிரேசில் நாட்டுத் தோதகத்தி கிடைப்பது அரிதாகவே, அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் கிட்டார் செய்ய இந்தியத் தோதகத்திக்கு மாறியது. ஒரு காடு வற்றியதும் மற்றொரு காட்டின்மேல் கண் விழுந்தது! தமிழ்நாட்டில் 1995-இல் நடைமுறைக்கு வந்த சட்டம், தனியார் நிலத்து மரத்தையும் மனம்போல் வெட்டவொட்டாது தடுத்தது. 2017 முதல் இப்பேரினம் முழுவதும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டின்கீழ் வந்தது. ஆயினும் வைரம் முற்ற மனிதர் ஆயுள் போதாது. ஆணையிட்டு அதனை விரைவுபடுத்த இயலுமோ?

ஒன்று மட்டும் நமக்குத் துணை. தோதகத்தியை வெட்டினாலும் மண்ணில் ஓடும் அதன் வேர்கள் ஆங்காங்கே புதுக்கன்றுகளை எழுப்பும். ஆடுமாடு கடியாமலும் காட்டுத்தீ தீண்டாமலும் சில ஆண்டுகள் காத்தால், அவை தாமே நிமிர்ந்துவிடும்.