தராதரமும் உதவி நன்கொடையும்: 1862ஆம் ஆண்டுக் கல்விக் கோவை பற்றிய ஒரு நோக்கு

பரீட்சைத் தராதரத்தை அரசு வகுக்கும்போதும் மாற்றும்போதும் அதன் விளைவு வினாத்தாளோடு நின்றுவிடுவதில்லை. ஆசிரியரின் ஊதியம், வகுப்பறையின் நேரசூசி, ஏழைப் பிள்ளை பாடசாலையிற் கழிக்கும் ஆண்டுகள் ஆகிய யாவும் அதனால் மாறுகின்றன. இதனைத் தெளிவுறக் காட்டுவது, இங்கிலாந்தில் 1862இல் உருவான திருத்திய கல்விக் கோவையின் வரலாறாகும்.

1846 முதல் அங்கு அரசு, சான்றிதழ் பெற்ற ஆசிரியர்க்கும் மாணவ ஆசிரியர்க்கும் நேரடியாகக் கொடுப்பனவு வழங்கி வந்தது. செலவு ஆண்டுதோறும் பெருகியது. கிரிமிய யுத்தத்தின் பின் சிக்கனக் குரலும் ஓங்கியது. 1861இல் அறிக்கை சமர்ப்பித்த நியூகாசில் ஆணைக்குழு, அடிப்படைப் பாடங்களைப் பல பிள்ளைகள் செம்மையாகக் கற்கவில்லை என்றது. அப்பொழுது கல்விப் பொறுப்பை வகித்த றொபேட் லோ, சுதந்திர வர்த்தகக் கோட்பாட்டில் ஊறியவர். பெறுபேற்றுக்கே பணம் என்னும் சந்தை விதியை அவர் பாடசாலைக்குள் புகுத்தினார்.

கோவை ஆறு தராதரங்களை வகுத்தது. சராசரி வரவின்படி ஒரு பிள்ளைக்கு 4 சிலிங் வழங்கப்பட்டது. 200 தடவைக்கு மேல் சமுகமளித்த பிள்ளை வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகிய மூன்றிலும் சித்தியெய்தின் மேலும் 8 சிலிங் கிடைக்கும். தவறிய ஒவ்வொரு பாடத்துக்கும் 2 சிலிங் 8 பென்ஸ் கழிக்கப்படும். ஆசிரியர்க்கான நேரடிக் கொடுப்பனவு ஒழிந்தது. பணம் முகாமையாளரிடமே சேர்ந்தது. 1861இல் ஏறத்தாழ 8,13,000 பவுணாக இருந்த அரச நன்கொடை 1865இல் ஏறத்தாழ 6,37,000 பவுணாகக் குறைந்தது.

சிக்கனம் கைகூடியது, கல்வி யாதாயிற்று? கவிஞரும் வித்தியாதரிசியுமான மத்தியூ ஆர்னோல்ட் பாடசாலைகளின் அறிவுயிர்ப்பு மங்கியதைத் தம் அறிக்கைகளிற் பதிந்தார். பரீட்சைக்குரிய வாசிப்பு நூலைப் பிள்ளைகள் மனனஞ் செய்தனர். வேறொரு நூலைக் கொடுத்தால் தடுமாறினர். நன்கொடை ஈட்டாத வரலாறும் புவியியலும் ஒதுக்கப்பட்டன. வித்தியாதரிசி வழிகாட்டி என்ற நிலையிலிருந்து கணக்காய்வாளராக மாறினார். வித்தியாதரிசிகளின் அறிக்கைகள் சிதைக்கப்படுகின்றன எனப் பாராளுமன்றத்தில் எழுந்த கண்டனத்தால் லோ 1864இல் பதவி துறந்தார். ஆயினும் அவர் வகுத்த முறை நிலைத்தது.

பின்வந்த மாற்றங்கள் யாவும் இம்முறைக்குள்ளேயே நிகழ்ந்தன. 1867இல் மேலதிக பாடங்களுக்கு நன்கொடை சேர்க்கப்பட்டது. அவையும் மனனத்துக்கே இரையாயின. 1872இல் பழைய முதலாந் தராதரம் நீக்கப்பட்டு, இரண்டாவது முதலாவதாயிற்று. உச்சியிற் புதிய ஆறாந் தராதரம் அமைந்தது. அரசு ஒரு வரியில் உயர்த்திய இப்படியை ஏறவேண்டியவர்கள், புத்தகமே இல்லாத வீடுகளிலிருந்து வந்த பிள்ளைகள்.

1880ஆம் ஆண்டுச் சட்டம் வரவை நாடெங்குங் கட்டாயமாக்கியபோது மற்றொரு முரண்பாடு வெளிப்பட்டது. பத்து வயதைக் கடந்த பிள்ளை, உள்ளூர்த் துணைவிதி குறித்த தராதரத்திற் சித்தியெய்தினால் வேலைக்குச் செல்லலாம். எனவே, கெட்டிக்காரனான தொழிலாளியின் பிள்ளைக்குச் சித்தியென்பது ஆலையின் வாயிலை விரைவிற் றிறக்குந் திறவுகோலாயிற்று. தராதரம் கல்வியின் அளவுகோலாக மட்டுமன்றி, உழைப்புச் சந்தையின் வாயிற்காவலாகவும் இயங்கியது.

இம்முறை குடியேற்ற நாடுகளுக்கும் பரவியது. இலங்கையில் 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் நிறுவப்பட்டதையடுத்து, உதவி பெறும் பாடசாலைகளுக்கான நன்கொடை பரீட்சைப் பெறுபேற்றோடு பிணைக்கப்பட்டது. மூலதனமும் பயிற்சி பெற்ற ஆசிரியரும் உடைய நிறுவனங்களுக்கே இத்தகைய ஏற்பாடு இயல்பாக வாய்ப்பளிக்கும். பின்தங்கிய கிராமத்துப் பாடசாலை, தோல்வியால் நன்கொடையையும் நன்கொடையின்மையால் ஆசிரியரையும் இழக்கும்.

இங்கிலாந்தில் 1890இல் இம்முறை பெரிதுந் தளர்த்தப்பட்டது. 1897அளவில் அதன் எச்சங்களும் மறைந்தன. தராதரம் வேண்டாம் என்பதன்று இவ்வரலாறு புகட்டும் பாடம். பிள்ளை எங்கே இடர்ப்படுகின்றது என அறிய அளவுகோல் அவசியமே. ஆனால் அவ்வளவுகோலைக் கொண்டே உணவையும் ஊதியத்தையும் பகிரத் தொடங்கின், அது தான் அளக்க வந்த பொருளையே உருமாற்றிவிடுகின்றது. தராதரத்தை உயர்த்தும் அரசு, அதனை எட்டுதற்கு வேண்டிய சாதனங்களையும் உடன் வழங்குகின்றதா என்பதே ஆய்வாளர் முதலில் எழுப்பவேண்டிய வினாவாகும்.