சித்திரமும் மனிதரும் ஒரே திரையில்

சிறு குழந்தையொன்று முற்றத்து மூலையில் அமர்ந்து, எவர் கண்ணுக்கும் தெரியாத தோழன் ஒருவனோடு பேசிச் சிரிப்பதை நாம் கண்டிருக்கிறோம். சிரட்டையில் மண்ணையிட்டுச் சோறென்று அவனுக்கு ஊட்டும். அவன் உண்டுவிட்டான் என்று மகிழும். இந்த விளையாட்டையே தொழிலாக ஏற்றுக்கொண்ட கலை ஒன்று சினிமாவில் உண்டு. உயிருள்ள நடிகரும் வரைந்த சித்திரமும் ஒரே காட்சியில் உரையாடி, ஆடிப்பாடி, நம்மைச் சிரிக்கவைக்கும் படங்களையே குறிப்பிடுகிறேன். அக்கலை வளர்ந்த கதையை இன்று சிறிது நோக்குவோம்.

1914 ஆம் ஆண்டில், அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகர அரங்கொன்றில் வின்ஸர் மக்கே என்னும் பத்திரிகை ஓவியர் கையிற் சவுக்குடன் தோன்றினார். அவர் அருகிலிருந்த திரையில் கேர்ட்டி என்னும் பூர்வகாலப் பெருவிலங்கு அசைந்தது. அது அவர் ஆயிரக்கணக்கான தாள்களில் வரைந்து உருவாக்கிய சித்திரம். அவர் கட்டளையிட, அது காலைத் தூக்கியது. அவர் அதட்ட, அழுதது. இறுதியில் மக்கே திரைக்குப் பின்னே சென்று மறைய, அக்கணமே அவருடைய சித்திர உருவம் திரையிலே தோன்றிற்று. கேர்ட்டி அதனை முதுகில் ஏற்றிக்கொண்டு நடந்தது. மனிதர் சித்திர உலகினுள் நுழைந்துவிட்டார் என்றே சபையோருக்குத் தோன்றியிருக்கும்.

அடுத்து வந்தவர் மக்ஸ் பிளைஷர். நடிகரைப் படம்பிடித்து, அப்படத்தின் ஒவ்வொரு சட்டத்தையும் கண்ணாடியில் விழச்செய்து, அதன்மேல் தாளை வைத்து வரையும் கருவிக்கு 1917 இல் அவர் காப்புரிமை பெற்றார். கோமாளி வேடமிட்டுப் படத்திற்கு நின்றவர் அவருடைய தம்பி டேவ். அவ்வாறு பிறந்த கோமாளிச் சித்திரம் மைக்கூட்டிலிருந்து வெளிவந்து, ஓவியரின் மேசையிலே குறும்புகள் செய்து, முடிவில் மைக்கூட்டினுள்ளே திரும்பிவிடும்.

1923 இல் கான்ஸஸ் நகரில் இளைஞர் ஒருவர் இம்முறையைத் தலைகீழாக்கினார். சித்திரத்தை மனித உலகிற்குக் கொண்டுவராது, நான்கு வயதுச் சிறுமியொருத்தியைச் சித்திர உலகினுள் அனுப்பினார். அவருடைய நிறுவனம் அப்போது கடனில் மூழ்கி வீழ்ந்துகொண்டிருந்தது. எனினும் அந்தப் படத்தைக் கண்ட நியூயோர்க் விநியோகஸ்தர் மார்கரெட் விங்க்ளர், அதே ஆண்டு ஒக்ரோபரில் ஒரு தொடருக்கு ஒப்பந்தம் செய்தார். அந்த இளைஞரே வோல்ட் டிஸ்னி. அவர் பெயரால் விளங்கும் பெரும் நிறுவனம் அந்த ஒப்பந்த நாளையே தன் தொடக்கமாகக் கொள்கிறது. அச்சிறுமியின் கற்பனைப் பயணமே அதற்கு அடிக்கல்லாயிற்று எனலாம்.

பேசும்படக் காலத்தில் கலை மேலும் நுட்பமடைந்தது. 1945 இல் வெளிவந்த 'ஆங்கர்ஸ் அவே' என்னும் படத்தில் ஜீன் கெலி ஜெர்ரி என்னும் எலியுடன் நடனமாடினார். படப்பிடிப்பின்போது எலி ஏது? கெலி தனியே ஆடினார். அவருடைய அடிகளை அளந்து எலியைப் பின்னர் வரைந்தார்கள். பளபளக்கும் தரையிலே விழும் எலியின் பிம்பமும் வரையப்பட்டது.

1964 இன் 'மேரி பொப்பின்ஸ்' படத்திற்கு, நடிகரின் பின்னேயிருந்த திரையில் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியைப் பாய்ச்சினார்கள். கமராவினுள் இருந்த பட்டகம் அவ்வொளியை மாத்திரம் பிரித்தெடுத்தது. அதனால் நடிகரின் உருவைத் தலைமயிரின் நுனிவரை பிசகாது தனியாக்க முடிந்தது. இவ்வகைப் பணிக்கு ஒஸ்கார் பரிசு பெற்ற மூவருள் ஒருவரான அப் ஐவேர்க்ஸ், நாற்பதாண்டுகளுக்கு முன் அச்சிறுமியின் தொடருக்குச் சித்திரம் தீட்டியவர் என்பது நினைக்கத்தக்கது.

இத்தனை கருவிகள் வந்தபின்னரும் ஒரு குறை எஞ்சியது. சித்திரம் நிற்கும் இடத்தை நடிகரின் கண் சரியாக நோக்காவிடின், மாயம் முழுவதும் கலைந்துவிடும். 1988 இல் வந்த 'ஹூ ஃபிரேம்ட் ரொஜர் ரபிட்' படத்தின் வெற்றி இங்கேதான் இருக்கிறது. அதனை இயக்கியவர் ரொபேட் செமெக்கிஸ். சித்திரங்களை நடத்தியவர் றிச்சர்ட் வில்லியம்ஸ். தட்டும் கோப்பையும் உண்மையானவை. மறைந்திருந்த இயந்திரக் கைகள் அவற்றை அசைத்தன. முயலோ கையால் வரையப்பட்டது. தொங்கும் விளக்கொன்று ஆடும் காட்சியில், முயலின்மேல் விழும் நிழலையும் சட்டந்தோறும் மாற்றி வரைந்தார்கள்.

ஆனால் அந்த முயலை நாம் நம்புவதற்குக் காரணர், அதன் கழுத்தைப் பிடித்து உலுக்கிய நடிகர் பொப் ஹொஸ்கின்ஸ். வெற்றிடத்தை நோக்கும் வித்தையை அவர் எவரிடம் கற்றார்? கற்பனைத் தோழனோடு விளையாடிய தம் சிறு மகளிடமே கற்றார். அதற்கு அவர் கொடுத்த விலையும் சிறிதன்று: படப்பிடிப்பு முடிந்த பின்னும் இல்லாத உருவங்கள் தம் கண்முன் தோன்றித் தொல்லை தந்தன என்று அவரே கூறியிருக்கிறார்.

பின்னர் கணினியின் காலம் வந்தது. 2003 இல் ஜோ டான்ரே இயக்கிய 'லூனி ரியூன்ஸ்: பக் இன் அக்ஷன்' படத்தில், பக்ஸ் பனி என்னும் முயலும் டஃபி என்னும் வாத்தும் பாரிஸ் நகரின் லூவர் கலைக்கூடத்திலே புகழ்பெற்ற ஓவியங்களுக்குள் புகுந்து ஓடும் காட்சி மிக இனியது. ஆயினும் அப்படம் செலவிட்ட பணத்தைத் திரையரங்குகளில் மீட்கவில்லை. கருவி வளர்ந்தால் மாத்திரம் கூட்டம் வந்துவிடுவதில்லை.

நேயர்களே, ஹொஸ்கின்ஸ் சொன்ன மற்றொரு செய்தியும் உண்டு. படத்தைப் பார்த்த அவருடைய சிறு மகன் தந்தையோடு பேச மறுத்துவிட்டானாம். பக்ஸ் பனியோடும் மற்றவரோடும் கூடி வேலைசெய்த தந்தை, அவர்களைத் தனக்கு ஒருமுறையேனும் அறிமுகம் செய்து வைக்கவில்லையே என்பதுதான் அவன் கோபம். ஒஸ்கார் பரிசுகள் பல பெற்ற அப்படத்திற்கு இக்கோபத்தைவிடப் பெரிய நற்சான்று வேறு கிடைத்திருக்குமோ!