மாதவிடாய் ஒழுங்கீனமும் பல்கலைக்கழக மாணவியரும்

மாதவிடாய் ஒழுங்கீனம் என்பது, உதிரப்போக்கு உரிய காலத்துக்கு முந்துதலும் பிந்துதலும், அளவில் மிகுதலும், மாதக்கணக்கில் நின்றுபோதலுமாகிய நிலைகளுக்கெல்லாம் பொதுப்பெயர். ஒரு மாதவிடாயின் முதல் நாளிலிருந்து அடுத்ததன் முதல் நாள்வரை 24 முதல் 38 நாட்கள் செல்லுதலையும், போக்கு 8 நாளுக்கு மேற்படாமையையும் இயல்பென்று சர்வதேச மகப்பேற்றியல் பெண்நோயியல் சம்மேளனம் 2018-இல் வரையறுத்தது. 18 முதல் 25 வயதினர்க்கு நீண்ட சுழற்சிக்கும் குறுகியதற்கும் 9 நாள்வரை வேறுபாடு இருத்தலும் இயல்பே. ஆதலால் இரண்டொரு நாள் தவறியதற்கு அஞ்ச வேண்டியதில்லை.

இச்சுழற்சியின் சூத்திரக்கயிறு மூளையின் பரிவகக்கீழ்ப் பகுதியில் உளது. அது விட்டுவிட்டுச் சுரக்கும் ஓமோன் கபச்சுரப்பியைத் தூண்ட, கபச்சுரப்பி சூலகத்தைத் தூண்டுகிறது. உணவு குறைந்து, உறக்கம் கெட்டு, பரீட்சைப் பயமும் பணக்கவலையும் நீடிக்குங்கால், கருவைத் தாங்குதற்கு இது காலமன்று என்று தேகமே தீர்ப்பளித்தாற்போல அச்சுரப்புத் தளர, சூல் வெளிப்படாது சுழற்சி தாமதிக்கிறது. 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் நெதர்லாந்துப் பெண்கள் பலர்க்கு மாதவிடாய் நின்று, உணவு கிடைத்தபின் மீண்டமை இதற்குச் சான்று. உடற்பருமனும் இதே விளைவைத் தரலாம். தைரொயிட்டுக் கோளாறும், 1935-இல் ஸ்டெயின், லெவென்தால் என்போர் விவரித்த சூலக நீர்க்கட்டி நோயும் வேறு காரணங்கள்.

கிளிநொச்சி மாவட்டத்துக் கண்டாவளை போன்ற வயலூர்களிலிருந்து, அறிவியல் நகரிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களுக்கோ, 2021-இல் தனிப் பல்கலைக்கழகமாகிய வவுனியாவுக்கோ செல்லும் பெண்ணை எண்ணுக. சாமத்தியப்பட்ட நாட்களில் உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் முட்டையும் ஊட்டிப் போற்றப்பட்டவள், ஏழெட்டு ஆண்டுக்குள் விடுதியறையில் ஒரு பிளேன்ரீயோடு காலை விரிவுரைக்கு ஓடுகிறாள். இரவோ கைப்பேசி வெளிச்சத்தில் கழிகிறது. சாமத்தியச் சடங்கின் ஏனைய அம்சங்களைப் பற்றி எவர் என்ன சொல்லினும், உதிரத்துக்கும் உணவுக்குமுள்ள உறவை அம்மம்மாமார் அறிந்தேயிருந்தனர் என்பது என் துணிபு.

போக்கு மிகுந்தால் இரும்புச்சத்துக் குறைந்து சோகை தோன்றும்; கர்ப்பிணியல்லாத பெண்ணுக்கு இரத்தத்தின் ஈமோகுளோபின் டெசிலீற்றருக்கு 12 கிராமுக்குக் குறைதல் சோகையாம். மூன்று மாதம் தொடர்ந்து வாராதொழியின், ‘சோதனைக் காலந்தானே’ என்று தள்ளாது வைத்தியரை நாடல் வேண்டும். கடைசியாக வந்த திகதி எது என்பதே அவர் கேட்கும் முதற்கேள்விகளுள் ஒன்று. சுவர் நாட்காட்டியில் ஒரு புள்ளியிட்டால் விடை ஆயத்தமாயிருக்கும். ஆயின் அப்புள்ளியைத் தந்தையும் தமையனும் காண்பரே என்று கூசும் வீடுகளில், அது கொப்பியின் கடைசித் தாளுக்கே போய்விடுகிறது.