பெத்தியும் பேத்தியும்

சேலையூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த பேத்தி, பிளஸ் டூ படிப்பவள், பிரெஞ்சுப் பாடத்தை உரக்கப் படித்துக்கொண்டிருந்தாள். மார்க் வரும் என்று பிரெஞ்சு எடுத்த பிள்ளைகளில் அவளும் ஒருத்தி. ‘சின்ன’ என்று பொருள்படும் சொல்லை ‘பெடிட்’ என்றாள். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த எனக்குச் சுருக்கென்றது.

“பெடிட் இல்லம்மா, பெத்தி. கடைசி எழுத்தைச் சொல்லக் கூடாது.”

“அப்புறம் எதுக்குத் தாத்தா அந்த எழுத்து?”

நியாயமான கேள்வி. பழைய பிரெஞ்சில் அந்தக் கடைசி மெய்யும் ஒலித்தது. காலப்போக்கில் நாக்கு அதை விட்டுவிட்டது, கை விடவில்லை. அசை பிரித்தால் பெ–தி, இரண்டே அசை. நடுவில் வரும் ஒற்றை மெய் அடுத்த அசையோடு சேரும். வேகமாகப் பேசினால் எகரமும் தேய்ந்து ‘ப்தி’ என்றே கேட்கும்.

ஆனால் அடுத்த சொல் உயிரில் தொடங்கினால் மறைந்த ‘த்’ எழுந்து வந்துவிடும். சின்னக் குழந்தை, ‘பெத்தித்தான்ஃபான்’. பெண்பாலுக்குக் கடைசியில் ஓர் எகரம் சேர்த்து எழுதுவார்கள். அது ஒலிக்காது, ஆனால் ‘த்’தை ஒலிக்க வைக்கும்: ‘பெத்தித்’. பழைய பிரெஞ்சுச் செய்யுளில் இந்த எகரம் மெய்க்கு முன் ஓர் அசையாக நிற்கும், உயிர் வந்தால் மறையும். நாடு, இல்லை இரண்டும் சேர்ந்து ‘நாடில்லை’ ஆகும்போது நம் குற்றியலுகரம் மறைவதில்லையா, அதுபோல.

புதுச்சேரியில் 1844இல் தொடங்கிய ஒரு பள்ளிக்கு, ‘சின்ன குருமடம்’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயர். ஊரார் வாயில் அது ‘பெத்தி செமினார்’. 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது, 1962 ஆகஸ்ட் 16இல் சட்டப்படியும் இணைந்தது; ‘பெத்தி’ மாறவில்லை. பிரெஞ்சு படிக்காதவர்களும் அந்தக் கடைசி எழுத்தைச் சொல்வதில்லை. அவர்கள் காதால் கற்றவர்கள். பிரெஞ்சுக்காரரின் ஒலியும் நம் ‘த்’துக்குத்தான் நெருக்கம், ஆங்கில ‘ட்’டுக்கு அல்ல. கண்ணால் மட்டும் படித்தால் ‘பெடிட்’தான் வரும்.

“பேத்திக்குப் பிரெஞ்சில் என்ன தெரியுமா? பெத்தித் ஃபீய். நேர்ப்பொருள் சின்னப் பெண்” என்றேன். பேத்திக்கும் பெத்தித்துக்கும் உறவு ஏதுமில்லை, ஒலி ஒற்றுமைதான். அவளுக்கோ ஒரே சிரிப்பு.

இந்தப் பக்கம் குடிவந்த பிறகு என் பிரெஞ்சைக் கேட்க ஆளில்லை. அன்று அவள் மூன்று தடவை சொல்லிப் பார்த்தாள். மூன்றாவது தடவை அப்படியே புதுச்சேரி.

“இதுக்கு மார்க் உண்டா தாத்தா?”

“நான் போடறேன்” என்றேன்.