மூங்கிலுக்குள் ஒளித்த படங்கள்

சயாம் மரண ரயில் பற்றிப் படிக்கப் படிக்க, புகைப்படங்களைவிட பென்சில் படங்கள்தான் அதிகம் கண்ணில் படுகின்றன. காரணம் எளிது. கைதிகள் கேமரா வைத்திருந்து மாட்டிக்கொண்டால் உயிருக்கே ஆபத்து. படம் வரைவதும் ஆபத்துதான், ஆனால் தாளை ஒளிப்பது கொஞ்சம் சுலபம்.

ஜாக் சால்கர் என்ற பிரிட்டிஷ் பீரங்கிப்படை வீரர், ஓவியம் படித்தவர். 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் விழுந்தபோது பிடிபட்டார். கொன்யூ, சுங்காய் முகாம்களில் வரைந்த படங்களை மூங்கில் குழாய்க்குள் வைத்து மண்ணில் புதைத்தார், குடிசைக் கூரையில் செருகினார். ஒரு கைதியின் செயற்கைக் காலுக்குள்கூட வைத்திருக்கிறார்! ஒரே இடத்தில் எல்லாவற்றையும் வைக்கவில்லை பாருங்க. நம்ம தொழில் பாஷையில் சொன்னால் பேக்கப். ஒருமுறை காவலாளியிடம் சிக்கி, செம அடி. அதற்குப் பிறகும் வரைந்தார். ரொனால்ட் சர்ல் இன்னும் ஒரு படி மேல்: காலரா நோயாளிகளின் படுக்கைக்கு அடியில் ஒளித்தார். அங்கே எந்தக் காவலாளி கை வைப்பான்?

வீட்டுக்கு அனுப்ப அனுமதித்த அட்டையில் 25 வார்த்தைதான். திரும்பி வந்தவர்களில் பலர் வாயே திறக்கவில்லை. அப்பாவோ தாத்தாவோ சொல்லாமல் விட்டதை, அந்தக் குடும்பங்கள் இந்தப் படங்களில்தான் பார்த்தன: சீழ்ப்புண்ணைக் கரண்டியால் சுரண்டுவது, எலும்பும் தோலுமாக வரிசையில் நிற்பது.

இனி நம்ம பக்கம். 415 கிலோமீட்டர் பாதையில் வேலை செய்த நேச நாட்டுக் கைதிகள் சுமார் 60,000 பேர். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிட மூன்று மடங்காவது இருப்பார்கள். அவர்களில் மலாயா ரப்பர் தோட்டத் தமிழர்கள் ஏராளம். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர்ப்பலகை இருக்கிறது. தமிழர்களைப் பெரும்பாலும் பெயரில்லாத குழியில் மொத்தமாகப் போட்டார்கள். அவர்கள் கைக்கு பென்சில் யார் கொடுத்தார்கள்? நமக்குக் கிடைத்தது பேச்சு மட்டும்தான், தப்பி வந்தவர்கள் சொன்ன கதைகள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவல் அந்த வழியில் வந்தது.

என் கட்சி இதுதான்: சால்கர், சர்ல் படங்கள் நம்ம குடும்பங்களுக்கும் சொந்தம். அதே ஆறு, அதே மூங்கில் காடு, 1943-இல் அதே காலரா. சயாமுக்குப் போய்த் திரும்பாத தாத்தா யாருக்காவது இருந்தால், ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தின் இணையத் தொகுப்பில் சால்கர் பெயரைப் போட்டுத் தேடுங்கள். தாத்தா முகம் கிடைக்காது. அவர் படுத்துக் கிடந்த மாதிரியான கொட்டகை கிடைக்கும்.