ஈச்சங்கள்ளும் ஓக்லாந்து உரிமமும்

நான் குப்பை கொட்டுவது சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஓக்லாந்தில். இந்த ஊர் நகராட்சி 2017-ல் ஒரு விசித்திரமான விதி போட்டது. முந்தின வருட வாக்கெடுப்பில் கலிபோர்னியாவில் கஞ்சா சட்டப்பூர்வமாகிவிட்டது, இனி கடை போட உரிமம் வேண்டும். அதில் யாருக்கு முன்னுரிமை தெரியுமா? கஞ்சா வழக்கில் முன்பு தண்டனை வாங்கியவனுக்கு!

ஆபீசில் ஒரு நண்பர், "திருடன் கையிலேயே சாவியா?" என்று சிரித்தார். ஆனால் கணக்கைப் பார்த்தால் சிரிப்பு வராது. 2015-ல் இங்கே கஞ்சாவுக்காகக் கைதானவர்களில் 77 சதவீதம் பேர் கறுப்பினத்தவர். ஊர் மக்கள்தொகையில் அவர்கள் சுமார் 30 சதவீதம்தான். இவ்வளவு காலம் ஜெயிலுக்குப் போனது ஒரு கூட்டம், இப்போது முதலீட்டோடு வந்து லாபம் பார்க்கப் போவது இன்னொரு கூட்டமா என்று கேட்டார்கள். அதனால்தான் ஆரம்பக் கட்டத்தில் பாதி உரிமங்கள் குறைந்த வருமானமுள்ள ஓக்லாந்துவாசிகளுக்குப் போயின. தண்டனை பெற்றிருக்க வேண்டும், அல்லது போலீஸ் அதிகம் புகுந்து புறப்பட்ட பேட்டைகளில் கடந்த 20 வருடத்தில் 10 வருடமாவது குடியிருந்திருக்க வேண்டும்.

இதைப் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது பெங்களூர். (2000-களின் தொடக்கத்தில் அங்கே ஐந்து வருடம் பொட்டி தட்டியிருக்கிறேன்.) கஞ்சா அல்ல, கள்ளும் சாராயமும்.

பழைய மைசூர் பக்கத்தில் கள் என்றால் பெரும்பாலும் ஈச்சங்கள். அதை இறக்கியவர்கள் ஈடிகர்கள். நம்மூர் நாடார், கேரளத்து ஈழவர், மங்களூர்ப் பக்கத்து பில்லவர், ஆந்திரத்து கவுடு என்று எல்லோரும் பரம்பரையாக மரமேறிய சாதிகள். மரமேறுபவனைத் தாழ்த்தி வைத்த ஊர், அவன் இறக்கியதைக் குடிக்க மட்டும் கூச்சப்படவில்லை. மைசூர் மாநிலம் 1967-ல் மதுவிலக்கைக் கைவிட்டது, தமிழ்நாடு 1971-ல். அதற்குப் பிறகு இரண்டு மாநிலத்திலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். ஏழை குடிக்கும் சரக்குக்குத் தடை வரும், பாட்டில் சரக்குக்கு வராது. தமிழ்நாட்டில் கள் 1987 ஜனவரி 1 முதல் கிடையாது. ஆனால் டாஸ்மாக் 2003-லிருந்து சில்லறைக் கடையே நடத்துகிறது. கர்நாடகத்தில் 2004 வாக்கில் பெரும்பாலான மாவட்டங்களில் கள் போனது. 2007 ஜூலை 1-ல் சாராயமும் போனது.

அந்தச் சாராயத்தை நான் பார்த்திருக்கிறேன். ஸ்ரீராமபுரம், ஹலசூரு பக்கம் (இரண்டிலும் தமிழ்க் குடும்பங்கள் அதிகம்) கடைவாசலில் காலி பிளாஸ்டிக் பாக்கெட்டுகள் செருப்பில் ஒட்டும். பாக்கெட்டின் முனையைப் பல்லால் கிழித்து அப்படியே வாயில் ஊற்றிக்கொள்வார்கள். அன்றைய கூலியில் பாதி அங்கேயே கரையும். தடையைக் கேட்டவர்களில் அந்த வீட்டுப் பெண்கள் முக்கியமானவர்கள், அவர்கள் கேட்டதில் முழு நியாயம் இருந்தது. அப்போது துணை முதல்வராகவும் நிதி அமைச்சராகவும் இருந்த எடியூரப்பா பட்ஜெட்டில் அறிவித்தபோது அவர்கள் சந்தோஷப்பட்டிருப்பார்கள்.

நடந்தது வேறு. பாக்கெட் சாராயத்தின் இடத்துக்கு மலிவு விஸ்கி வந்தது, பிற்பாடு அதுவும் சின்ன அட்டைப் பெட்டிகளில். குடி நிற்கவில்லை, விலைதான் கூடியது. அதையும் வாங்க முடியாதவர்கள் கள்ளச்சாராயத்துக்குப் போனார்கள். தடை வந்து பதினோரு மாதம்கூட ஆகவில்லை. 2008 மே மாதம், சட்டமன்றத் தேர்தல் நடந்துகொண்டிருந்த நேரம், மெத்தனால் கலந்த சரக்கைக் குடித்து பெங்களூர், கோலார், எல்லைக்கு இந்தப் பக்கம் நம் கிருஷ்ணகிரி மாவட்டம் எல்லாமாகச் சேர்த்து 150 பேருக்கு மேல் செத்தார்கள். 1981 ஜூலையில் இதே பெங்களூரில் 300 பேருக்கு மேல் செத்திருந்தார்கள். அப்போது சாராயத்துக்குத் தடைகூட இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாப் பழியையும் தடைமேல் போட முடியாது. ஆனால் இரண்டு முறையும் செத்தது கூலிக்காரன்தான்.

சட்டப்பூர்வமான பக்கம் என்ன ஆயிற்று? கரும்பு ஆலைக் கழிவான மொலாசஸிலிருந்து ஆல்கஹால் எடுக்க டிஸ்டில்லரி வேண்டும், கோடிக்கணக்கில் முதல் வேண்டும். மரமேறிக்கு அதில் நுழைய வழியே இல்லை. மாநில கஜானாவுக்கு இன்று வருடம் 30 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஆயத்தீர்வை வருகிறது. 2010-க்குப் பிறகு இந்திராநகரிலும் கோரமங்களாவிலும் மைக்ரோப்ரூவரிகள் முளைத்தன. அங்கேயே காய்ச்சி, நுரையோடு ஃப்ரெஷ்ஷாகத் தருவதுதான் அவர்களின் பெருமை. காலையில் இறக்கி மதியத்துக்குள் விற்ற ஈச்சங்கள்ளுக்கு வேறென்ன பெருமை இருந்தது? அந்த உரிமங்களில் ஈடிகனுக்கும் ஒரு பங்கு என்று யாரும் பேசி நான் படித்ததில்லை.

பக்கத்து மாநிலத்தில் பேசினார்கள். தெலங்கானா 2021-ல் மதுக்கடை உரிமங்களில் கவுடுகளுக்கு 15 சதவீதம், தலித்துகளுக்கு 10, பழங்குடியினருக்கு 5 என்று ஒதுக்கியது. ஆந்திரமும் கள் இறக்கும் சாதிகளுக்கு 10 சதவீதக் கடைகளை ஒதுக்கியிருக்கிறது. ஓக்லாந்து விதியின் தெலுங்குப் பதிப்பு என்று சொல்லலாம். அங்கே இருக்கும் ஓட்டை இங்கேயும் வரலாம். ஓக்லாந்தில் பெயருக்கு ஓர் ஏழையை முன்னால் நிறுத்தி, பின்னால் முதலீட்டாளர் ஓட்டிய கடைகள் உண்டு. நம்மூரில் அதற்குப் பினாமி என்று ஏற்கெனவே நல்ல பெயர் இருக்கிறது. போதாக்குறைக்கு, கடை உரிமம் மரமேறியின் கைத்தொழிலைத் திருப்பித் தராது. வேறு யாரோ தயாரித்த பாட்டிலை விற்கும் வேலையைத்தான் தரும்.

2023 தொடக்கத்தில் ஈடிகர்களின் மடாதிபதி பிரணவானந்த சுவாமி மங்களூரிலிருந்து பெங்களூருக்கு நடந்தே வந்தார். அவருடைய கோரிக்கைகளில் ஒன்று, மீண்டும் கள் இறக்க அனுமதி. அவர் கேட்டது மதுக்கடையில் பங்கு அல்ல, மரத்தை.