பெயரற்ற பொற்கொல்லன்

1892இல் உ. வே. சாமிநாதையர் பதிப்பால் பரவிய சிலப்பதிகாரத்தில், கோவலனைக் கொல்ல ஆணையிட்டவன் பாண்டியன் நெடுஞ்செழியன். ஆயினும் கற்போர் வெறுப்பது அவனையன்று, பொற்கொல்லனையே. பிழையை உணர்ந்த மன்னன் அரியணையிலேயே உயிர்துறந்தான். அம்மரணம் அவன்பால் இரக்கத்தை விளைவிக்கிறது.

பொற்கொல்லனுக்கு இளங்கோவடிகள் அத்தகைய வாயில் எதனையும் திறந்துவைக்கவில்லை. தேவியின் சிலம்பைத் திருடியவன் அவனே. நம்பி வந்தவனைத் தன் குடிலருகே இருத்திவிட்டு, மன்னனிடம் சென்று பழி சுமத்துகிறான். 'இவன் கொலைக்குரியவன் அல்லன்' எனக் காவலர் தயங்கியபோது உள்ளுக்குள் நகைத்து, கள்வரின் எண்வகைத் துணைகளை விரித்துரைக்கிறான். தன் திருட்டு வெளிப்படலாகாது என்பதன்றி அவனுக்கு வேறு நோக்கமில்லை. பின்னர் வருந்தியதாகவும் செய்தியில்லை. மன்னன் பெயரால் சிறப்புப் பெற்ற அவனுக்குச் சொந்தப் பெயர்கூடக் காப்பியத்தில் இல்லை.

பெயரில்லாதவன்மீது எழுந்த வெறுப்பு அவனோடு நிற்கவில்லை. கொற்கையிலிருந்த வெற்றிவேற்செழியன் பொற்கொல்லர் ஆயிரவரைக் கொன்று கண்ணகிக்குச் சாந்தி செய்தான் என்கிறது உரைபெறு கட்டுரை. அவர்கள் செய்த குற்றம் யாதென அது கூறவில்லை. ஆராயாது ஒருவனைக் கொன்ற பிழைக்குக் கழுவாயாக, ஆராயாமலே ஆயிரவர் மாண்டனர்.

தீயோனைப் படைக்கும் கவிஞர் அவனுக்கொரு பெயரும் இடுதல் நன்று.